ஜாடியில் குறைந்த அரிசி

தாடையைக் கட்ட ஒரு முழத் துணி வேண்டியிருந்தது. சலோமி ஞானதீபத்தின் தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஒரு மரச்சீப்பும் புருஷனின் பழைய தொப்பியும் கிடந்தன. துணி என்று ஒரு கந்தல்கூட இல்லை. இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாய்க் கொடுத்துத் தீர்த்திருந்தாள் மகராசி. சாகப் போகிறவள் தன் வாயைக் கட்டவாவது ஒரு துண்டு மிச்சம் வைக்கக் கூடாதா?

“கடைசிக்கும் என் சேலைதான்” என்று முணுமுணுத்தபடி சலோமி தன் முந்தானை ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தாள்.

ஞானதீபம் அவளுக்கு ஓரகத்தி. அண்ணன் மாசிலாமணியைச் சலோமியும் தம்பி தேவதாசனை ஞானதீபமும் கட்டி, பதினாறு வருஷமாக மலாக்கா காஜா பெராங்கில் ஒரே கூரை, ஒரே அடுப்பு. தேவதாசனைப் போன வருஷம் நடுவில் ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு சேதி ஒன்றும் இல்லை. கிறிஸ்துமஸ் கழிந்ததும் ஞானதீபத்துக்குக் கால் வீங்கத் தொடங்கியது. தவிடும் பச்சைப்பயறும் தின்றால் வற்றும் என்றார்கள். சலோமி எங்கெங்கோ அலைந்து பயறு வாங்கி வந்தாள். ஞானதீபம் அதை அடுத்த வீட்டுப் பிள்ளைத்தாச்சிக்குக் கொடுத்துவிட்டாள். இன்று விடிந்ததும் சலோமி அடுப்பு மூட்டிவிட்டு எழுப்பப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

தாடையைக் கட்டிய பின் ஈரத்துணியால் காலைத் துடைத்தாள். வீங்கிய காலில் முழங்கால் மட்டும் கறுத்துக் காய்த்துப் போயிருந்தது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மண்டியிட்டு மண்டியிட்டு வந்த காய்ப்பு. ஊரெல்லாம் அந்தக் காய்ப்பைப் பற்றிப் பேசும். சலோமியின் முழங்காலிலும் அதே அளவுக்குக் காய்ப்பு உண்டு. அது தரை துடைத்து வந்தது. அதைப் பற்றி யாரும் பேசியதில்லை.

ஞானதீபம் பரிசுத்தமாக வாழ்ந்தாள். அதில் சலோமிக்குச் சந்தேகமே கிடையாது. சந்தேகம் இருந்திருந்தால் இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. அவள் பரிசுத்தமாக வாழ்வதற்கு வேண்டிய உப்பும் புளியும் விறகும் தேடினது யார்? மரவள்ளிக்கிழங்குக்கு வெயிலில் வரிசை நின்றது யார்? ஒருமுறை சலோமியும் வைராக்கியமாய் நாலு மணிக்கு எழுந்து மண்டியிட்டுப் பார்த்தாள். விடிந்து கண் விழித்தபோது தரையில் சுருண்டு கிடந்தாள். மேலே ஞானதீபத்தின் போர்வை. அன்றைக்கு வந்த கோபம் ஒரு வாரம் தீரவில்லை.

வெளியே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவள் அடுத்த வீட்டுச் சீதா, தலைமுறை தலைமுறையாய் இங்கேயே பிறந்து வளர்ந்த மலாக்காச் செட்டிப் பெண். அவர்கள் வீட்டில் பேச்சு மலாய்தான். கெபாயா சட்டையின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு “ஓராங் பாய்க், சலோமி, ஓராங் பாய்க்” என்றாள். நல்ல மனுஷி, நல்ல மனுஷி. பயறு தின்று தன் மகள் தெம்பானதையும், பேரக்குழந்தை பிழைத்ததையும் கையாலேயே காட்டிச் சொன்னாள். சலோமி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அந்தப் பயறு யார் வாங்கியது என்று சீதா கேட்கவில்லை.

அடுத்து, பத்து பெரெண்டாம் என்ற ஊரிலிருந்து நடந்தே வந்திருந்தாள் சந்திரமதி என்ற ஒருத்தி. யாரென்று சலோமிக்குத் தெரியாது. ஞானதீபம் தன் சேலையைக் கொடுத்தாளாம். அதை இரண்டாய்க் கிழித்துத் தன் இரண்டு பெண்களுக்கும் கட்டிவிட்டாளாம். காலடியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதவள், சலோமி கறுப்புக் காப்பியைக் கொண்டுவந்து நீட்டியதும் நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்க தீபம்மா வீட்டுல வேலைக்கு இருக்கீங்களாக்கா?”

“ஆமா” என்றாள் சலோமி. “பதினாறு வருஷமா.”

பதினோரு மணிக்கு மாசிலாமணி திரும்பி வந்தார். சாக்குத் துணி கால்சட்டை முழங்கால்வரை புழுதி. பின்னால் இரண்டு பேர் சவப்பெட்டியைத் தூக்கிவந்தார்கள். சரக்குப் பெட்டிப் பலகைகளை உடைத்து அடித்தது. பலகையில் இருந்த ஜப்பான் எழுத்துக்களை ஆசாரி உள்பக்கம் திருப்பி வைத்திருந்தான்.

“போலீஸ்ல சீட்டு குடுத்துட்டான். கூட்டமா போகலாம், ஆனா நாலு மணிக்குள்ள முடிக்கணும்னான்” என்றார் மனைவியிடம். பிறகு தம்பி பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

உபதேசியாரும் சபை மூப்பர் கருணாகரனும் சேர்ந்து வந்தார்கள். மூப்பருடைய மனைவி ருக்மணியம்மாளும் கூட வந்திருந்தாள். மூப்பர் பிணத்தின் அருகில் கொஞ்ச நேரம் நின்றார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் சபைப் போதகரான ஐயரை ஜப்பான்காரன் சிங்கப்பூர்ச் சிறைக்குக் கொண்டுபோன பிறகு, சபையின் ஒழுங்கு முழுவதும் தன் தோளில்தான் நிற்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார்.

“மாசிலாமணி, மனசுல வச்சுக்காதீங்க” என்றார். “உடம்பைக் கோயிலுக்குள்ள கொண்டுபோக முடியாது. நேரா கல்லறைக்குத்தான்.”

“ஏன் மூப்பரே?”

“அந்த அரிசி விஷயம் உங்களுக்குத் தெரியாததா? ஒழுங்கு நடவடிக்கையில இருக்கிறவங்க. ஐயர் வந்து எடுத்துவிடணும். ஐயர் வரல. நான் என்ன செய்ய?”

உபதேசியார் தரையைப் பார்த்தார். மாசிலாமணி வாயைத் திறந்து மூடினார். அவர் எப்போதும் அப்படித்தான். சலோமி காப்பி மங்குகளைப் பொறுக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குள் போனாள்.

அரிசி விஷயம் போன வருஷம் ஈஸ்டருக்கு முந்திய தபசு நாட்களில் நடந்தது. சபையில் ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைக் கடவுளுக்கென்று தனியே எடுத்து வைப்பார்கள். ஜப்பான்காரன் வந்த பிறகு வீடுகளில் உலையே அரிதாகிப் போனது. கிழங்கைத் தின்றுகொண்டு, பங்கீட்டில் கிடைத்த அரிசியில் ஒரு பிடியை மட்டும் அப்படியே எடுத்து வைத்தார்கள். அதெல்லாம் சனிக்கிழமை ஞானதீபத்திடம் வந்து சேரும். அவள் ஒரு பீங்கான் ஜாடியில் சேர்த்து வைத்து, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆணில்லாத நாலு வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பாள். ஜாடி இந்தச் சமையல்கட்டில்தான், இதோ இந்த மூலையில்தான் இருந்தது.

அந்த வாரம் நாளே நகரவில்லை. சலோமியின் மகள் லில்லிக்கு மலேரியா. கிழங்கைக் கொடுத்தால் வாந்தி எடுத்தாள். “கஞ்சி, கஞ்சி” என்று முனகினாள். முந்தின ஞாயிறு பிரித்துக் கொடுத்ததில் மிச்சமும், முன்கூட்டியே வந்த இரண்டு வீட்டு அரிசியும் ஜாடியில் இருந்தன. சலோமி செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும், ஞானதீபம் நோயாளிகளைப் பார்க்கப் போன நேரத்தில், ஜாடியைத் திறந்து பால் டின்னால் மொண்டாள். லில்லி பிழைத்தாள். ஞாயிற்றுக்கிழமை நாலு வீட்டில் இரண்டு வீட்டுக்கு அரிசி இல்லை.

மூப்பர் ஆராதனை முடிந்து கதவை அடைக்கச் சொன்னார். “அரிசி எங்கே போச்சு?” என்று கேட்டார். சொல்லிவிடலாம் என்று சலோமி பெஞ்சைப் பிடித்து எழுந்துகொண்டிருந்தாள். சத்தியமாய் எழுந்துகொண்டிருந்தாள். அதற்குள் ஞானதீபம் எழுந்து நின்றுவிட்டாள்.

“நான்தான் எடுத்தேன். பசி தாங்கல.”

அவ்வளவுதான். திருவிருந்து கிடையாது, கடைசி பெஞ்சு என்று மூப்பர் தீர்ப்புச் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் சலோமி காத்திருந்தாள். ஒரு வார்த்தை திட்டுவாள், ஒரு பார்வை பார்ப்பாள் என்று. வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஞானதீபம் கேட்டது இது ஒன்றுதான்: “லில்லிக்குக் காய்ச்சல் விட்டுச்சாக்கா?”

பதினோரு மாதம். ஒவ்வொரு ஞாயிறும் ஞானதீபம் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். சலோமி வழக்கம்போல் இரண்டாவது வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். திருவிருந்தின்போது உபதேசியார் கொடுத்த கிழங்கு மாவு அப்பம் சலோமியின் நாக்கில் மண்ணாய் ஒட்டும். அதிலும் வேடிக்கை, சபையில் ஞானதீபத்தின் மதிப்பு குறையவில்லை. “தப்பு பண்ணினாலும் எழுந்து நின்னு ஒத்துக்கிட்டாங்க பாரு, அதுக்கே ஒரு மனசு வேணும்” என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். வீட்டில்கூட அவள் சும்மா இருந்ததில்லை. “அக்கா, உங்க ரவிக்கை முதுகுல தையல் விட்டிருக்கு. கழட்டித் தாங்க” என்று ஒரு ஞாயிறு மத்தியானம் வாங்கி, நூல் கிடைக்காத காலத்தில் அன்னாசி நாரைக் கோத்துத் தைத்துக் கொடுத்தாள். என் முதுகுக் கிழிசல்வரை தேடிப் பிடித்து நல்லவளாகிறாளே என்று சலோமிக்கு நெஞ்சு எரிந்தது. அந்த ரவிக்கைதான் இப்போது அவள் மேல் இருந்தது. வேறு கிடையாது.

மங்குகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்று தோன்றியது. இன்னும் நாலு மணி நேரம். பிறகு மண்ணைத் தள்ளிவிடுவார்கள். யாருக்கும் எதுவும் தெரியாது. கூடவே இன்னொன்றும் தோன்றியது. நாளைக்குச் சலோமி செத்தால் கோயிலுக்குள் கொண்டுபோவார்கள், மணி அடிப்பார்கள், பாட்டுப் பாடுவார்கள். ஞானதீபத்துக்குக் கிடைக்காத ஒன்று முதல்முறையாகச் சலோமிக்குக் கிடைக்கப் போகிறது. அந்த நினைப்பு ஒரு கணம் இனித்தது. இனித்ததை உணர்ந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

பெட்டிக்குள் கிடத்திய பிறகு உபதேசியார் ஜெபம் பண்ணினார். இளகிய மனசுக்காரர், குரல் உடைந்து உடைந்து வந்தது.

“ஆண்டவரே, எங்க சகோதரி பசியில தெரியாம செஞ்ச அந்த ஒரே ஒரு குற்றத்தையும் மன்னிச்சு ஏத்துக்கும். நாங்களும் மனசார மன்னிக்கிறோம்.”

“ஆமென்” என்றார்கள் எல்லாரும். ருக்மணியம்மாள் விசும்பியபடி சொன்னாள். மூப்பரும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

சலோமி சொல்லவில்லை. பதினோரு மாதமாக அவள் ஏங்கிக் கிடந்தது இந்த ஒரு வார்த்தைக்குத்தான். மன்னிக்கிறோம். அதையும் கொண்டுபோய் அந்தப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்களே. திருடினது இவள், தூக்கம் கெட்டது இவள், மன்னிப்பு அவளுக்கா? பாவம்கூட இவளுக்கென்று மிஞ்சவில்லையா?

ஊர்வலம் இரண்டு மணிக்குப் புறப்பட்டது. முன்பக்கம் மாசிலாமணியும் சபைக்காரர் ஒருவரும், பின்பக்கம் இரண்டு பேருமாகத் தூக்கினார்கள். வெயில் கொளுத்தியது. லில்லி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சீதா வீட்டார் வேலியோரம் நின்று பார்த்தார்கள். பாட்டுப் பாடப் பயந்து எல்லோரும் பேசாமல் நடந்தார்கள். செருப்பில்லாத கால்கள் புழுதியில் தேயும் சத்தம் மட்டும் கேட்டது.

ஜாலான் பெண்டஹாராவுக்குப் போகிற வழியில் பாதை இரண்டாகப் பிரியும். வலது பக்கம் போனால் கோயில். இடது பக்கம் கல்லறை. மூப்பர் முன்னால் போய் இடது கையை நீட்டினார். தூக்கியவர்கள் இடது பக்கம் திரும்பினார்கள்.

“நில்லுங்க” என்றாள் சலோமி.

குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. லில்லியின் கையை விட்டுவிட்டுப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

“கோயிலுக்குத் திருப்புங்க. அந்த அரிசிய அவ எடுக்கல. நான் எடுத்தேன்.”

மூப்பர் கையை இறக்கினார். “அம்மா, துக்கத்துல எதையாவது பேசாதீங்க. நேரம் ஆகுது.”

“துக்கத்துல பேசல. நான்தான் எடுத்தேன்.”

பின்னால் ஒரு பெண் இன்னொருத்தியிடம் தாழ்ந்த குரலில் சொன்னது சலோமியின் காதில் விழுந்தது. “பாத்தியா, தீபம்மாகூட இருந்து இருந்து இவங்களுக்கும் அந்தக் குணம் வந்துருச்சு. செத்தவங்க பழிய தன் தலையில போட்டுக்கறாங்க.”

சலோமி சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினாள்.

“எனக்கு யார் குணமும் வரல. நான் திருடினேன். செவ்வா, புதன், வியாழன், மூணு நாள். பால் டின்னுல மொண்டேன். லில்லிக்குக் கஞ்சி வச்சேன்.” ருக்மணியம்மாளைப் பார்த்தாள். “நீங்க வியாழக்கிழமை பிள்ளையப் பாக்க வந்தீங்க. கஞ்சி வாசனைய மோந்துட்டு அரிசி ஏதுன்னு கேட்டீங்க. நான் என்ன சொன்னேன்?”

ருக்மணியம்மாள் யோசித்தாள். முகம் மாறியது.

“பண்டார் ஹிலிர்ல இருக்கிற அண்ணன் குடுத்துவிட்டாருன்னு சொன்னீங்க.”

“எனக்கு அண்ணனே கிடையாது.”

சலோமி அவர்கள் முகங்களைப் பார்த்தாள். திட்டுவார்கள் என்று நினைத்தாள். அந்த ஞாயிறு கஞ்சியில்லாமல் போன இரண்டு வீட்டுக்காரிகளும் இங்கேதான் நின்றார்கள். ஒருத்தி காறித் துப்பியிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் ஒருவர்கூடச் சலோமியைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்களும் பெட்டிமேல் இருந்தன. அந்த இரண்டு பேரில் ஒருத்தி புழுதியிலேயே மண்டியிட்டுப் பலகையில் கையை வைத்தாள். “தாயே, பதினோரு மாசமா” என்று அழத் தொடங்கினாள். மற்றவர்களும் அழுதார்கள்.

இதையும் அவளுக்கே கொடுத்துவிட்டேன் என்று சலோமி நினைத்தாள்.

மாசிலாமணி திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டியின் முனையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு வலது பக்கம் காலை எடுத்து வைத்தார். மற்ற மூன்று பேரும் அவரோடு திரும்பினார்கள். மூப்பரை யாரும் கேட்கவில்லை.

மூப்பர் வேகமாய் நடந்து சலோமியின் பக்கத்தில் வந்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் ஒழுங்கை விட அவரால் முடியவில்லை.

“சபை முன்னால அவங்க சொன்னது பொய். அதுவும் குற்றம்தான்மா.”

“அதுக்கும் சேத்து நானே உக்காந்துக்கறேன்.”

“நீங்க இனிமே கடைசி பெஞ்சு.”

“தெரியும்.”

கோயில் மணி அடித்தது. உள்ளே பெட்டியைப் பீடத்துக்கு முன்னால் இறக்கினார்கள். லில்லி ருக்மணியம்மாளோடு முன்னால் போனாள். பெண்கள் தத்தம் வரிசைக்குப் போனார்கள். சலோமி வாசலோடு நின்று, சுவரோரம் போட்டிருந்த கடைசி பெஞ்சைப் பார்த்தாள். சாய்மானம் இல்லாத பழைய பலகை. சபையார் குடைகளையும் செருப்புகளையும் அதன் கீழேதான் தள்ளிவிட்டுப் போவார்கள். ஒரு முனையில் நாலாய் மடித்த சாக்கு ஒன்று கிடந்தது. ஞானதீபம் மண்டியிடும்போது காலுக்குக் கீழே போட்டுக்கொள்வது. அதில் இரண்டு பள்ளம் விழுந்திருந்தது. சலோமி அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அந்த முனையிலேயே உட்கார்ந்தாள்.

உபதேசியார் வாசிக்கத் தொடங்கினார். குரல் மட்டும்தான் வந்தது. நடுவில் ஒரு பெரிய தூண். அது பீடத்தை மறைத்தது, உபதேசியாரை மறைத்தது, பெட்டியையும் முழுக்க மறைத்தது. சலோமி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். எதுவும் தெரியவில்லை.

நேராகப் பார்த்தால் தெரிந்தது ஒரே ஓர் இடம்தான். இரண்டாவது வரிசையின் ஓரம். பதினாறு வருஷமாகச் சலோமி உட்கார்ந்த இடம். இன்று அது காலியாக இருந்தது. அங்கே ஒருத்தி உட்கார்ந்திருந்தால் இங்கிருந்து அவள் முகம் தெரியாது. கொண்டையும் முதுகும்தான் தெரியும்.

எல்லாரும் பாட்டுக்கு எழுந்து நின்றார்கள். சலோமி எழுந்திருக்கவில்லை. அவள் கை மெல்ல முதுகுப் பக்கம் போய், ரவிக்கையில் அன்னாசி நாரால் போட்டிருந்த தையலைத் தடவிப் பார்த்தது.